உத்தரமேரூர்ச் சபையும் கணக்குக் காட்டும் கடனும்

தொண்டை நாட்டின் இருபத்து நான்கு கோட்டங்களுள் ஒன்று காலியூர்க் கோட்டம். அதன்கண் உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் என்னும் பெயரால் விளங்கிய பேரூரே இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர் என வழங்கும் பேரூராட்சியாகும். பல்லவ வேந்தன் இரண்டாம் நந்திவர்மன் காலத்தில், கி. பி. 8ஆம் நூற்றாண்டில், இவ்வூர் அந்தணர்க்குப் பிரமதேயமாக அளிக்கப்பெற்றது என்பர். இவ்வூர்ச் சபையார் குடவோலை வாயிலாக வாரியப் பெருமக்களைத் தெரிந்தெடுத்த முறையினை அறியாத தமிழ் மாணவர் இலர். பள்ளிப் பாடநூல்களிலேயே அது இடம் பெற்றுவிட்டது. அங்ஙனமாகவும் மீண்டும் அதனை ஈண்டு எடுத்துக் கொள்வதற்குக் காரணம் உண்டு. குடத்தைப் பற்றிப் பேசியோர் பலர். கணக்கைப் பற்றிப் பேசியோர் சிலரே. இக்கல்வெட்டுகளின் உயிர்நிலை குடத்தில் இல்லை, கணக்கில் உள்ளது என்பது எமது கருத்து. அதனை நிறுவ முயல்வதே இக்கட்டுரை.

வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் உள்ள இரு கல்வெட்டுகளே ஈண்டு ஆராயத் தக்கவை. இரண்டும் முதற் பராந்தக சோழன் காலத்தவை. ஒன்று அவனது 12ஆம் ஆட்சியாண்டிலும் (கி. பி. 919), மற்றொன்று 14ஆம் ஆட்சியாண்டிலும் (கி. பி. 921) பொறிக்கப்பெற்றன. 1898இல் கல்வெட்டுத் துறையார் இவற்றைப் படியெடுத்தனர். வெங்கையா அவர்கள் தொல்பொருள் துறையின் 1904-05ஆம் ஆண்டு அறிக்கையில் இவற்றை அறிஞர் உலகிற்கு அறிமுகம் செய்தார். பின்னர் நீலகண்ட சாஸ்திரியாரும் கே. வி. சுப்பிரமணிய ஐயரும் பாடத்தையும் பொருளையும் நுணுகி ஆராய்ந்தனர். பிரான்சுவா குரோவும் இரா. நாகசாமியும் 1970இல் வெளியிட்ட நூல் இவ்வூரின் தொன்மம், வரலாறு, கட்டடங்கள் அனைத்தையும் ஒருங்கே நோக்கியது.

கல்வெட்டின் புகழ் ஆராய்ச்சி நூல்களோடு நின்றுவிடவில்லை. 1948 நவம்பர் 22 அன்று அரசியல் நிருணய சபையில் ஊராட்சிகளைப் பற்றிய விவாதம் நிகழ்ந்தபோது த. பிரகாசம் அவர்கள் இக்கல்வெட்டினைச் சான்றாக எடுத்துரைத்தார். 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டிய தலைமையமைச்சரும் உத்திரமேரூரைச் சுட்டிப் பேசினார். மேடையில் இவ்வூர் பெயர் ஒலிப்பது நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் அவ்வொலியில் ஒரு பிழையுணர்ச்சியும் கலந்து பரவிவிட்டது. குடவோலை என்றவுடன் இற்றை நாள் வாக்குச்சீட்டும் வாக்குப் பெட்டியும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஊரார் தாம் விரும்பியவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டனர் என்றும், மிகுதியான ஓலை பெற்றவர் வென்றார் என்றும் எழுதுவாரும் உளர். கல்வெட்டில் அங்ஙனம் இல்லை. அங்கு எவரும் எவர்க்கும் வாக்களிக்கவில்லை.

நிகழ்ந்தது யாது என்பதைக் கல்வெட்டின் வழிநின்று காண்போம். ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது ஈண்டு ஊர்ப்பகுதியைக் குறிக்கும். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையார் அனைவர் பெயரும் தனித்தனி ஓலைகளில் தீட்டப்பெற்றன. அவ்வோலைகள் குடும்பின் பெயர் காட்டும் வாயோலையுடன் ஒரு கட்டாகக் கட்டப்பெற்றுக் குடத்தில் இடப்பட்டன. தெரிந்தெடுக்கும் நாளில் இளையோரும் முதியோரும் உள்ளிட்ட மகாசபை கூடும். அன்று ஊரிலுள்ள கோயில் நம்பிமார் ஒருவரும் ஒழியாமல் மண்டபத்தினுள் அமர்தல் வேண்டும். அவருள் முதியவர் எழுந்து, மேல்நோக்கி, அனைவரும் காணக் குடத்தை எடுத்து நிற்பார். வேறுபாடு அறியாச் சிறுவன் ஒருவன் ஒரு கட்டினை எடுப்பான். அக்கட்டின் ஓலைகள் வேறொரு குடத்திலிட்டுக் குலைக்கப்படும். அதனுள் ஓர் ஓலையை அச்சிறுவனே எடுத்து மத்தியத்தன் கையில் தருவான். மத்தியத்தன் அதனை வாங்கும் முறையும் விதிக்கப்பட்டுள்ளது: ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்றல் வேண்டும். கைக்குள் மறைத்து வைத்த வேறோர் ஓலையை மாற்றிக் காட்டும் கள்ளம் எங்கோ நிகழ்ந்திருத்தல் வேண்டும். இன்றேல் விரல்களுக்கு இத்துணைக் காவல் எதற்கு? அவன் படித்த பெயரை நம்பிமார் அனைவரும் தாமும் படித்த பின்னரே அப்பெயர் ஏற்கப்பட்டது.

இது திருவுளச் சீட்டே அன்றி வாக்கெடுப்பு அன்று. இங்ஙனம் கூறுவதால் அதன் பெருமை குன்றிவிடுமோ என அஞ்ச வேண்டுவதில்லை. மக்களாட்சிக்குத் தாயகம் எனப்படும் ஏதென்சு நகரில் ஐந்நூற்றுவர் மன்றத்தாரும் பெரும்பாலான அலுவலரும் சீட்டு முறையாலேயே அமர்த்தப்பெற்றனர். வெனிசு நகரில் 1268 முதல் நகரத் தலைவனைத் தெரிந்தெடுக்கும்போது கலத்திலிருந்து உருண்டைகளை எடுத்துத் தந்தவன் ஒரு சிறுவனே. கடலாலும் காலத்தாலும் பிரிந்த இரு நகரங்கள் ஒரே உபாயத்தைத் தாமே கண்டுகொண்டமை வியப்பிற்குரியது. சீட்டுக்குச் சூது தெரியாது. சீட்டு எடுப்பவனுக்கும் தெரிதல் கூடாது என்பது இருசாரார்க்கும் கருத்து. ஏதென்சு பற்றிய ஒற்றுமை இதனினும் ஆழமானது. அங்கே சீட்டால் அமர்ந்த அலுவலன் பதவி ஒழிந்தவுடன் கணக்குக் காட்டித் தூயவன் எனப் பெயர் பெறல் வேண்டும். அதுவரை அவன் நாட்டைவிட்டு வெளியேறுதலும் இயலாது. அவ்வாட்சிமுறையை விரித்துரைக்கும் அரிசுடாட்டில் பெயரிலான நூல் எகிப்து நாட்டுத் தாள்சுருள்களிற் கிடைத்து 1891இல் அச்சேறியது. ஏழாண்டு கழித்து உத்திரமேரூர்க் கல்வெட்டு படியெடுக்கப்பட்டது. எவர் பெயர் வரும் என முன்னறிய இயலாத முறையில், வந்தவரைப் பின்னர்க் கணக்குக் கேட்டல் இன்றியமையாதது. சீட்டும் கணக்கும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை.

ஈண்டு ஒரு சிறு விலகல். அகநானூற்று 77ஆம் பாட்டில் மருதன் இளநாகனார், பாலை நிலத்தில் பருந்து பிணத்தின் குடரைப் பற்றி இழுக்கும் காட்சிக்குக் கயிற்றால் கட்டிப் பொறியிட்ட குடத்தினின்று ஆவண மாக்கள் ஓலை எடுத்தலை உவமை கூறுகின்றார். இதனைக் குடவோலைத் தேர்தலுக்குச் சங்ககாலச் சான்றாகக் கொள்வர் பலர். பொறியை ஆய்ந்து உடைத்து ஓலை எடுத்தனர் என்பதே அவ்வுவமையால் பெறப்படுவது. ஆவணங்களைக் குடத்தில் இட்டு முத்திரை வைத்துக் காத்தனர் என்பதற்கு அது வலிய சான்று. ஆட்களைத் தெரிந்தெடுத்தனர் என்பதற்கு அதுமட்டும் போதாது என்பதே எம் கருத்து. வேண்டுமளவிற்கு மேல் ஒரு பாட்டைச் சுமக்கச் செய்தல் பாட்டிற்கும் நன்றன்று, வரலாற்றிற்கும் நன்றன்று.

இனி இரு கல்வெட்டுகளையும் ஒப்பிடுவோம். முதற் கல்வெட்டு தகுதிகளைச் சுருங்கக் கூறுகின்றது. கால் நிலத்திற்கு மேல் இறைநிலம் உடைமை, தன் மனையில் கட்டிய வீட்டில் வாழ்தல், முப்பதிற்கு மேல் அறுபதிற்குட்பட்ட அகவை, வேத சாத்திரப் பயிற்சி, காரியத்தில் திறம், பொருள் தூய்மை, ஆன்மத் தூய்மை, முந்திய மூன்றாண்டுகளில் வாரியம் செய்யாமை ஆகியவை வேண்டப்பட்டன. வாரியம் செய்து ஒழிந்த பெருமக்களின் நெருங்கிய சுற்றத்தார் விலக்கப்பட்டனர். கால் நிலம் என்பதை வேலியில் நாலில் ஒரு பங்கு, அஃதாவது இக்கால அளவில் ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மிகுதி, என அறிஞர் கொள்வர்.

இரண்டே ஆண்டுகளில் இவ்விதி போதாது போயிற்று. சபை மீண்டும் கூடியது, அரசன் ஆணையுடன் வேறோர் அலுவலர் வந்து உடனிருந்தார், விதி திருத்தப்பெற்றது. அகவை எல்லை முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என மாறியது. அரைக்கால் நிலமே உடையவனாயினும் ஒரு வேதமும் ஒரு பாடியமும் வல்லவனாயின் அவன் பெயரும் குடத்திற் புகலாம் எனப்பட்டது. விலக்கப்பட்டோர் பட்டியலோ பன்மடங்கு நீண்டது. அப்பட்டியலின் தலைப்பில் நிற்பவர் கள்வரும் அல்லர், பெரும்பாதகம் செய்தாரும் அல்லர். எந்த வாரியமேனும் செய்து கணக்குக் காட்டாதே இருந்தவரே முதற்கண் நிற்கின்றார். பாதகரும் பிறர் பொருள் கவர்ந்தாரும் ஊர்க்கு முள்ளாயினாரும் அவர்க்குப் பின்னரே வருகின்றனர்.

இவ்விரண்டாண்டிடையில் நிகழ்ந்தது யாது? கல்வெட்டு வாய்திறந்து கூறவில்லை. ஆயினும் விதியின் வடிவே ஒருவாறு அதனை உணர்த்துகின்றது. வாரியம் செய்தவன் ஒருவன் கணக்கு ஒப்புவியாமல் ஒழிந்திருத்தல் வேண்டும்; அவனுக்கு மூவாண்டு விலக்கு உண்டாகலின், அவனுக்காக அவன் சுற்றத்தான் குடத்திற் புக முயன்றிருத்தல் வேண்டும். முதல் விதி ஓய்ந்தவர் அனைவரின் சுற்றத்தையும் பொதுவாக விலக்கியது. இரண்டாம் விதியோ கணக்குக் காட்டாதவன் சுற்றத்தை ஒவ்வோர் உறவாகப் பெயர் சுட்டி விலக்குகின்றது. நேர்மையாகக் கணக்கு ஒப்புவித்தவனின் மகன் எக்குற்றமும் இன்றித் தண்டம் அடைதல் முறையன்று எனச் சபையார் உணர்ந்தனர் போலும்.

இங்கே ஓர் எண்ணிக்கையையும் நோக்குதல் தகும். ஆண்டுதோறும் குடும்புக்கு ஒருவர் வீதம் முப்பதின்மர் எடுக்கப்பட்டனர். அவருள் பன்னிருவர் சம்வத்சர வாரியத்திற்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்திற்கும், அறுவர் ஏரி வாரியத்திற்கும் உரியர். பொன் வாரியத்திற்கும் பஞ்சவார வாரியத்திற்கும் அறுவர் அறுவராகப் பன்னிருவர் வேறு எடுக்கப்பட்டனர். ஒருவர் 360 நாள் பணி செய்து மூன்றாண்டு விலகியிருத்தல் வேண்டும் எனின், ஒவ்வொரு குடும்பிலும் குறைந்தது நால்வரேனும், ஊர் முழுவதும் 120 பேரேனும் தகுதியுடையார் இருந்தாலன்றி இம்முறை நடவாது. விலக்குப் பட்டியல் நீள நீளத் தகுதியுடையார் தொகை சுருங்கும். அகவையின் மேலெல்லை எழுபதாக உயர்ந்ததற்கும், கற்றவர்க்கு நிலவளவு பாதியாகக் குறைந்ததற்கும் இதுவே காரணமாகலாம். கீழெல்லை முப்பத்தைந்தாக உயர்ந்தமை இதற்கு மாறாகத் தோன்றும்; இளையோர் சிலரால் சபைக்கு நேர்ந்த அல்லல் அதற்குக் காரணமோ என ஐயுறலாமேயன்றித் துணிந்து கூற இயலாது.

சுற்றத்தார் பட்டியல் தமிழ் மாணவர் ஊன்றிக் கற்கத் தக்கது. சிற்றவை பேரவை மக்கள், அத்தை மாமன் மக்கள், தாயோடு பிறந்தான், தந்தையோடு பிறந்தான், தன்னோடு பிறந்தான், பெண் கொடுத்த மாமன், மனைவியோடு பிறந்தான், உடன்பிறந்தாளை மணந்தான், அவள் மக்கள், மகளை மணந்த மருமகன், தந்தை, மகன் என அது விரிகின்றது. பேரவை என்னும் சொல்லைக் கண்டு, சட்டப் பேரவை என்பது போல இதனையும் பெரிய அவை எனப் பொருள் கொண்டு மயங்கிய மாணவரை யாம் கண்டதுண்டு. சிற்றவை தாயின் தங்கை. பேரவை தாயின் தமக்கை. அவ்வை என்னும் தாய்ப்பெயரின் வழிவந்தவை இவை. மற்றொன்றும் கருதுக. தகுதி கூறுமிடத்துக் கல்வெட்டு வடமொழிச் சொற்களையே மிகுதியும் நாடுகின்றது: அர்த்த சௌசம், ஆத்ம சௌசம், ஆசாரம், நிபுணர். உறவு கூறுமிடத்து நடை அறவே மாறிவிடுகின்றது. மனைவியைக் குறிக்கும் பிராமணி என்னும் சொல் போன்ற ஒன்றிரண்டு நீங்கலாக, வீட்டுத் தமிழே வருகின்றது. நல்லொழுக்கத்தை நூல்வழக்கிற் பொதுவாகப் பேசிவிடலாம். மைத்துனன் வழியாகவோ மருமகன் வழியாகவோ சபைப் பொருள் கைமாறுவதைத் தடுக்க வேண்டின், ஐயத்திற்கு இடமின்றி எல்லாரும் அறிந்த சொல்லால் கூறியே தீர வேண்டும். சபையார்க்கு உண்மையில் அச்சம் விளைத்த இடம் எது என்பதை மொழிநடையே காட்டிக் கொடுக்கின்றது.

கணக்கெழுதுவோனையும் விதி விடவில்லை. நேர்வழியில் ஈட்டிய பொருளுடையவனே கணக்கெழுதலாம். அவன் தன் கணக்கைப் பெருவாரியப் பெருமக்கள்முன் தானே ஒப்புவித்துத் தூயவன் எனப்படுதல் வேண்டும். அதற்குமுன் வேறொரு கணக்கிற் புகுதல் ஆகாது. அவன் எழுதிய கணக்கை மற்றொருவன் புகுந்து முடித்து வைத்தலும் கூடாது. பிழையை அடுத்தவன் தலையில் ஏற்றிவிட்டு விலகும் வழி இதனால் அடைபட்டது. வாரியம் செய்வோனிடம் குற்றம் கண்டால் 360 நாள் முடியும்வரை காத்திராது அப்பொழுதே நீக்கவும் விதி உண்டு.

இத்துணைக் காவலுக்கு உரியதாகச் சபையார் கையில் இருந்தது யாது என வினவலாம். வயிரமேகத் தடாகம் என்னும் பேரேரி இருந்தது. வயிரமேகன் என்பது பல்லவன் தந்திவர்மனின் சிறப்புப் பெயர் என்பர். ஆண்டுதோறும் ஏரியில் குழி தோண்டி வண்டல் எடுப்பதற்கென அறச்சிந்தையுடையோர் பொன் அளித்தனர். சபை அப்பொன்னை முதலாக வைத்து அதன் வட்டியால் பணியை நடத்திற்று. வட்டி என்று வந்தவுடன் கணக்கும் வந்துவிடுகின்றது. முதல் எவ்வளவு, பலிசை எவ்வளவு, எடுத்த வண்டல் எவ்வளவு, கூலி எவ்வளவு எனக் கேட்பார் இன்றேல் இரண்டொரு மாரிக்குள் ஏரி தூர்ந்து போகும். பேராறு எதுவும் நேரே பாயாத தொண்டை நாட்டு ஊரொன்றில் ஏரி தூர்தல் என்பது ஊர் அழிதலே.

பொன்னின் மாற்றுக் காணும் ஏற்பாடு இன்னும் சுவையானது. இதே ஊரின் மற்றொரு கல்வெட்டு, மாடவீதியார், சேனையார், எண்ணெய் வணிகராகிய சங்கரப்பாடியார் ஆகியோரிடையிலிருந்து பொன் அறிய வல்லாரைத் தெரிந்து, ஊரார் அனைவர்க்கும் ஒருபடித்தாகப் பொன் காணுமாறு பணிக்கின்றது. உரைகல்லில் தேய்த்த பொன்துகளை ஒற்றியெடுத்த மெழுகினை அவர்கள் ஏரி வாரியப் பெருமக்களிடம் ஒப்படைத்தல் வேண்டும். மெழுகில் ஒட்டிய துகளும் ஊர்ப்பொருள்; அதுவும் ஏரிக்கே. கண்ணுக்குத் தெரியாத துகளையும் கணக்கிற்கு உட்படுத்திய இவ்வூரார், வாரியம் செய்தும் கணக்குக் காட்டாதவனைப் பாதகனுக்கு முன் நிறுத்தியதில் வியப்பில்லை. வாரியம் என்னும் சொல்லை இன்று மின்சாரத்திற்கும் வீட்டு வசதிக்கும் குடிநீருக்கும் நாம் பயன்படுத்துகின்றோம். சொல் மீண்டும் நம் கைக்கு வந்துவிட்டது; அச்சொல்லோடு அன்று பிணைந்திருந்த கடப்பாடு எத்துணை வந்தது என்பதை உள்ளாட்சிகளின் தணிக்கை அறிக்கைகளைப் பயில்வோர் கூறட்டும்.

இதுவரை கூறியது சபையின் ஒளிப்பக்கம். மறுபக்கத்தை மறைத்தல் ஆராய்ச்சிக்கு அழகன்று. குடத்திற் புகுந்த பெயர்கள் யாருடையவை? நிலமும் மனையும் வேதப் பயிற்சியும் உடைய அந்தண ஆடவருடையவை. பெண்டிர் பெயர் அதனுட் புகவில்லை. ஏரியில் இறங்கி வண்டல் சுமந்தவன் பெயரும் புகவில்லை. மேற்கூறிய பொன் காண்போர் சபைக்குப் பணி செய்தனரே அன்றிச் சபையினர் ஆகவில்லை. ஏறத்தாழ கி. பி. 800ஐச் சார்ந்த பாண்டி நாட்டு மானூர்க் கல்வெட்டினை இதனோடு வைத்துப் படித்தால் ஓர் உண்மை விளங்கும். அங்கும் சபையிற் பேசும் உரிமை பங்கும் கல்வியும் உடையார்க்கே உரியது. எடுத்த காரியந்தோறும் மறுத்துரைத்துத் தடை செய்வார்க்கு ஐந்து காசு தண்டமும் விதிக்கப்பட்டது. இவை பிரமதேயச் சபைகள். வேளாளர் முதலியோர் வாழ்ந்த ஊர்களில் 'ஊர்' என்னும் அவையும், வணிகர் பேரூர்களில் 'நகரம்' என்னும் அவையும் இயங்கின. அவற்றின் உள்முறை பற்றி இத்துணை விரிவான கல்வெட்டு நமக்குக் கிட்டவில்லை. ஆகவே உத்திரமேரூரைக் காட்டித் தமிழ்நாடு முழுவதும் அன்று இங்ஙனமே இருந்தது என்பார் கூற்று மிகைபடக் கூறலாகும்.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிருணய சபையில் அம்பேத்கர் அவர்கள் இந்தியச் சிற்றூரை அறியாமைக்கும் குறுகிய மனப்பான்மைக்கும் உறைவிடம் எனக் கடிந்துரைத்தார். பதினெட்டு நாள் கழித்துப் பிரகாசம் அவர்கள் உத்தரமேரூரை எடுத்துக்காட்டினார். இருவரும் ஒரே கல்லின் இரு பக்கங்களையே கண்டனர் என்று கூறுதல் எளிது. ஆனால் எம்மால் அங்ஙனம் நடுவே நின்று அமைதிகொள்ள இயலவில்லை. வாயிலில் நிறுத்தப்பட்டவனுக்கு உள்ளே கணக்கு நேராக இருந்தது என்பது எவ்வகையில் ஆறுதலாகும்? வாயிலைப் பொறுத்தவரை அம்பேத்கர் கூற்றே வலியது. 1992இல் நிறைவேறிய 73ஆம் அரசியலமைப்புத் திருத்தமும் 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் பட்டியல் வகுப்பினர்க்கும் மகளிர்க்கும் இடம் ஒதுக்கி அவ்வாயிலைத் திறந்தன. பராந்தகன் காலச் சபையிடம் நாம் கடன் வாங்கத் தக்கது வாயிலை அன்று. வாயிலுக்கு உட்பட்டவர்மேல் அது சுமத்திய கணக்குக் கடனையே.

அரசன் பங்கு பற்றியும் ஒரு சொல். சபை தானே முடிவு செய்தது என்றும், அரசன் ஆணையால் செய்தது என்றும் இருவகையாக எழுதுவர். 919இல் தத்தனூர் மூவேந்த வேளானும், 921இல் கரஞ்சைக் கொண்டயக் கிரமவித்த பட்டனாகிய சோமாசிபெருமானும் உடனிருந்தமை கல்வெட்டிலேயே உள்ளது. இருவரும் அரசன் திருமுகம் கொண்டு வந்தவர். ஆயினும் வியவத்தை செய்தோர் சபையாரே. குடும்பின் எண்ணும் சுற்றத்தின் பட்டியலும் தஞ்சையிலிருந்து எழுதி அனுப்பத் தக்கன அல்ல. ஊரார்தம் பட்டறிவினின்றே அவை பிறந்திருத்தல் கூடும்.

921ஆம் ஆண்டு வியவத்தையைச் சபையார் பணிக்க எழுதியவன் ஊர் மத்தியத்தன் காடாடிபோத்தன் சிவக்குறி இராசமல்லமங்கலப்பிரியன். விரல்களை விரித்து ஓலை வாங்கும் கடமை அவன் பதவிக்கே உரியது. தனக்கு இட்ட காவலைத் தன் கையாலேயே அவன் எழுதித் தந்தான். அதனைக் கல்லில் வெட்டினர். வாரியத்தார் ஆண்டுதோறும் ஒப்புவித்த கணக்குகளோ ஓலையில் எழுதப்பட்டவை. அவற்றுள் ஒன்றும் நமக்குக் கிடைத்திலது.